அஞ்சாமல் வரட்டும் அந்தப் பெண்

1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதை 14 என்று விதித்து, 1978-இல் அது 18 ஆக உயர்ந்து, 2006-இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் பிறந்த பின்னரும், படிப்பை இடையில் விட்ட சிறுமிகள் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கர்ப்பிணிகளாய் வருவதை எண்ணுகையில் நெஞ்சம் கனக்கிறது. இடுப்பெலும்பே முழு வளர்ச்சி பெறாத, இரத்தசோகையால் வெளிறிய தேகத்தில் மற்றோர் உயிரைச் சுமப்பவளை வலிப்பும் குறைப்பிரசவமும் அச்சுறுத்துகின்றன.

ஆயினும், மருத்துவர் காவல் துறைக்குத் தகவல் தந்தே ஆகவேண்டும் என்னும், சிறார் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டத்தின் விதியை நினைத்து, குடும்ப மானம் சந்திக்கு வந்துவிடுமோ என்று நடுங்கும் பெற்றோர், அவளை மறைத்துவைத்து, யாரோ கொடுக்கும் மாத்திரைகளை நம்பி அவள் பிராணனையே பணயம் வைக்கிறார்கள். கருக்கலைப்பை நாடிவரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் வேண்டிக்கொண்டால், அத்தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்?

இந்நிலையே நேராமல் காக்க, மாதவிடாயையும் கருத்தரிப்பையும் பற்றி எட்டாம் வகுப்புக்குள், ஆறாம் வகுப்பிலேயே என்றாலும் நான் மகிழ்வேன், மாணவர்க்கும் மாணவியர்க்கும் சேர்த்தே கூச்சமின்றிப் போதிக்க வேண்டும். பெற்றோர்களே, குழந்தைகளுக்கான 1098 என்னும் இலவச உதவி எண்ணை இன்றே உங்கள் மகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள்.