வைகையைக் கடந்த ராணிக்கு ஒரு கல்

வைகையில் இறங்குவது என்றால் மதுரைக்காரர்களுக்கு அழகர்தான் ஞாபகத்துக்கு வருவார். நம் ஆரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ராணியும் படையோடு இந்த ஆற்றைக் கடந்தார் என்பது எத்தனை பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும்?

1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைக் கம்பெனிப் படைக்கும் ஆற்காட்டு நவாபின் படைக்கும் பறிகொடுத்தவர் வேலுநாச்சியார். திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் எட்டு வருஷம் காத்திருந்தார். 1780-ல் ஹைதர் அலியின் படை உதவியோடு, மருது சகோதரர்கள் துணை வரப் புறப்பட்டார். கோச்சடையில் வழிமறித்த நவாபின் படையை முறியடித்து, திருப்புவனம், மானாமதுரை வழியாகச் சிவகங்கையை மீட்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கோச்சடை இருப்பது தென்கரை. திண்டுக்கல்லிலிருந்து வரும் படை வைகையைக் கடக்காமல் அங்கே வர முடியாது. இன்றைக்கும் திண்டுக்கல் பஸ் பரவை, விளாங்குடி தாண்டி, பாலம் ஏறித்தானே ஆரப்பாளையம் ஸ்டாண்டுக்கு வருகிறது!

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது டெலாவர் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றைப் பார்த்தேன். 1776 டிசம்பர் 25 இரவு, பனிக்கட்டி மிதந்த அந்த ஆற்றை வாஷிங்டன் சுமார் 2,400 வீரர்களோடு படகில் கடந்து, மறுநாள் டிரெண்டனில் வென்றார். அதற்காக இரு கரையிலும் பூங்கா. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் பழைய உடுப்பில் படகேறி நடித்தும் காட்டுகிறார்கள். ஒரு ராத்திரிக்கு அவ்வளவு மரியாதை!

சிவகங்கை சூரக்குளத்தில் நாச்சியாருக்கு அரசு மணிமண்டபம் கட்டியது. 2008-ல் தபால்தலையும் வந்தது. மதுரையிலோ ஸ்மார்ட் சிட்டி என்று வைகைக் கரைக்குச் சுவரும் ரோடும் வந்தன. அங்கே நடக்கப் போகிற என் கண்ணில் நாச்சியார் பெயர் ஒரு பலகையிலும் பட்டதில்லை.

"இந்த இடம்தான் என்பதற்கு ஆதாரம் உண்டா சார்?" என்று நடைப்பயிற்சி நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். எது ஆவணம், எது செவிவழிச் செய்தி என்று பலகையிலேயே பிரித்து எழுதிவிடலாம். பொய்யும் வேண்டாம், மறதியும் வேண்டாம்.

கோடிக்கணக்கில் கேட்கவில்லை. கோச்சடைப் பக்கம் ஒரு கல், நாலு பெஞ்ச், ரெண்டு வேப்ப மரம் போதும். இது குப்பை கொட்டுகிற இடமில்லை என்று ஜனங்களுக்கும் உறைக்கும். நாச்சியார் மறைந்த நாளாக அனுசரிப்பதும் டிசம்பர் 25-தான், ஆண்டு 1796. அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. பேரப்பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போய்க் கதை சொல்ல, கல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.