கோதுமை போனது, போதை நின்றது

'குறைந்த கலோரி கிராஃப்ட் கோதுமை பியர்' என்ற பெயருக்குள்ளேயே ஒரு சண்டை இருக்கிறது. கோதுமை பியரின் அழகே அதன் கனம்தான். அதைக் கழித்துவிட்டு அதே பெயரில் விற்பது, அரிசியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிவிட்டுப் பொங்கல் என்று பரிமாறுவது மாதிரி. போதாததற்கு, ஏதோ உடம்பைப் பேணுகிற காரியம் போல விளம்பரம் வேறு. அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் ருசி. நான் குடித்தது அமெரிக்கச் சிறு ப்ரூவரி ஒன்றின் கேன். 355 மில்லி, 4 சதவீத ஆல்கஹால், 95 கலோரி. அந்த 95, ப்ரூவரியின் பெயரைவிடப் பெரிதாக அச்சாகியிருந்தது. தம்ளரில் ஊற்றினால் வெளிறிய மஞ்சள், லேசான கலங்கல். நுரை எழுந்தது, சோடா நுரை மாதிரி உடனே அடங்கியது. கோதுமையின் புரதம் தாங்கிப் பிடிக்கிற நுரை அப்படி ஓடிப்போகாது. மூக்கில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும். நல்ல வாசனைதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வாயில் முதல் நொடி பியர், இரண்டாம் நொடி தண்ணீர். நீராகாரம் என்று திட்டலாம் என்றால், நீராகாரத்தில் சோற்றின் புளிப்பாவது நாக்கில் நிற்கும்.

ருசி அவரவர் விருப்பம் என்பீர்கள். சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்தில் 4. 355 மில்லியில் 4 சதவீதம் என்றால் சுமார் 11 கிராம் ஆல்கஹால், அதாவது 78 கலோரி. தானியத்துக்கு மிஞ்சுவது வெறும் 17. இதே அளவில் 5 சதவீத ஆல்கஹாலும் 150 கலோரியும் உள்ள ஒரு சாதாரண கோதுமை பியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலுக்கு 98, தானியத்துக்கு 52. ஆக, ஆல்கஹாலில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்கள் தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டார்கள். எதைக் கைவிட்டார்கள், எதைக் காப்பாற்றினார்கள் என்று இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வித்தை பழசுதான். பியருக்கு உடம்பு தருவது ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின். அதையும் என்சைம் போட்டுச் சர்க்கரையாக உடைத்தால் ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். அப்புறம் தண்ணீர் விட்டு அளவுக்குக் கொண்டுவரலாம். ஜோசப் ஓவேட்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் உருவாக்கிய இந்த முறையில் 1967இல் கேப்லிங்கர்ஸ் டயட் பியர் வந்தது, எடுபடவில்லை. அதே வழியில் வந்த மில்லர் லைட் 1975இல் அமெரிக்கா முழுக்க இறங்கிச் சந்தையையே மாற்றியது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் நியூ அல்பியன் ப்ரூவரியைத் தொடங்கினார். கிராஃப்ட் பியர் என்பதே ருசி கழன்ற கம்பெனி பியருக்கு எதிரான கலகம். இன்று கலகக்காரர்களின் வாரிசுகளே லைட் பியர் காய்ச்சி, ஆரஞ்சு வாசனை தூவி விற்கிறார்கள். எல்லாரும் என்சைம் போடுவதில்லை, தானியத்தையே குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் கடைசி ப்ரூவரியும் 1950களில் மூடிய பிறகு, 1960களில் கோதுமை பியரை மீட்டெடுத்தவர் பியர் செலிஸ் என்ற பால்காரர். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் அந்த மரபின் சொத்து. அங்கே அவை கோதுமைக்குத் துணை. இங்கே கோதுமை இல்லாத குறையை மறைக்கும் திரை.

'அப்போ எடை கூடக் கூடாதுன்னு நினைக்கிறவங்க என்னதான் குடிக்கிறது?' நியாயமான கேள்வி. பதில் இந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. பெர்லினர் வைஸ சுமார் 3 சதவீதம்தான். போலந்தின் க்ரோட்ஜிஸ்கியே, ஓக் புகையில் உலர்த்திய கோதுமை மால்ட்டில் காய்ச்சுவது, அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒன்றில் புளிப்பும் இன்னொன்றில் புகையும் பேசும். இரண்டுமே லேசாகப் பிறந்தவை, பட்டினி போட்டு இளைக்க வைத்தவை அல்ல. அதுவும் வேண்டாம் என்றால் எர்டிங்கரின் ஆல்கஹால் இல்லாத கோதுமை பியர். 100 மில்லிக்குச் சுமார் 25 கலோரி. 355 மில்லிக்குக் கணக்குப் போட்டால் 90ஐத் தொடாது. கோதுமையை விடாமலேயே 95ஐ ஜெயித்தாயிற்று!

மென்பொருள் வேலையில் இந்த வியாதியைத் தினமும் பார்க்கிறேன். டாஷ்போர்டில் தெரிகிற எண்ணை மட்டும் அழகாக்கிவிட்டால் போதும், உள்ளே எது செத்தாலும் யாரும் கேட்பதில்லை. 95 அப்படியொரு டாஷ்போர்டு எண். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானத்தை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது 1988இல். அந்தப் பட்டியலில் இருப்பது மது, கோதுமை அல்ல. ஆனால் கேனில் குற்றவாளியாக நிற்பது கோதுமை. 95தானே என்று இன்னொரு கேன் திறக்கிறவருக்கு 190 கலோரியோடு 22 கிராம் ஆல்கஹாலும் உள்ளே போகிறது.

குடிப்பதும் குடிக்காததும் உங்கள் இஷ்டம். குடிப்பதானால் ஒரு முழு கோதுமை பியரை மெதுவாகக் குடியுங்கள், ஒன்றோடு நிறுத்துங்கள். அளவோடு இருப்பது குடிக்கிறவர் செய்ய வேண்டிய வேலை. அதைக் கேனுக்குள் அடைத்து யாராலும் விற்க முடியாது.