பிரேக் விளக்கும் ஓர் அபத்த நம்பிக்கையும்

பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதன் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, புதிய என்ஜினும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் அகன்ற டயர்களும் பூட்டி, கண்ணைப் பறிக்கும் வர்ணமும் தீட்டிக்கொண்ட என் நண்பர் ஒருவர், சென்ற வாரம் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அவ்வாகனத்திலேயே இறங்கினார். அவருக்குப் பின்னால் வேறொரு காரில் நான் வந்துகொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்பு அவர் வேகத்தைத் தணிப்பது, ஜீப்பின் முதுகு என் முகப்பை நெருங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது. அதை முன்னதாக அறிவிக்க வேண்டிய சிவப்பு விளக்கு பெரும்பாலான வளைவுகளில் எரியவேயில்லை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதித்து, "பாருங்க, நல்லாத்தானே எரியுது?" என்றார். ஜீப்பைக் கட்டிய பட்டறைக்காரரைத் தொலைபேசியில் விசாரித்தால், "ஏனுங்க, இத்தனூண்டு சுவிட்சுக்குப் போயி இவ்வளவு யோசிக்கோணுங்களா? ஆயில் லைன்ல முறுக்கி விட்டா வேலை முடிஞ்சுதுங்க" என்று பதில் வந்தது.

பிரேக் விளக்கின் சுவிட்ச் ஓர் அற்பப் பொருள், கடையில் கிடைக்கும் எதைப் பூட்டினாலும் போதும், பிரேக் ஆயில் குழாயில் திருகிவிடும் அழுத்த சுவிட்சே சுலபமானது, ஆகையால் அதுவே சிறந்தது என்னும் சித்தாந்தம் அந்தப் பட்டறைக்காரர் ஒருவருடையதன்று. பழைய வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டும் ஆர்வலர் கூட்டம் முழுவதையும் அது பிடித்து ஆட்டுகிறது. என்ஜினைப் பற்றி மணிக்கணக்காக வாதாடவும், சக்கரத்தின் அகலத்தைப் பற்றி நட்பையே முறித்துக்கொள்ளவும் தயாராக இருக்கும் மனிதர்கள், பின்னால் வருபவனுடைய உயிரைக் காக்கும் ஒரே உபகரணத்தைப் பட்டறைப் பையன் கையில் அகப்பட்டதைக்கொண்டு முடித்துவிடச் சம்மதிக்கிறார்கள். இதனினும் விபரீதமான அலட்சியத்தை நான் கண்டதில்லை.

அந்த அழுத்த சுவிட்ச் செய்யும் வேலைதான் என்ன? உள்ளே ஒரு மெல்லிய சவ்வு; அதை எதிர்த்து நிற்கும் ஒரு வில். ஆயிலின் அழுத்தம் வில்லை வென்றால்தான் விளக்கு எரியும். இவ்வகைச் சுவிட்சுகளில் பல, சதுர அங்குலத்துக்கு 60 முதல் 120 பவுண்டு வரை அழுத்தம் ஏறிய பிறகே கண் விழிப்பவை. ஒரு அங்குல மாஸ்டர் சிலிண்டரும், கால்விசையை ஆறு மடங்காக்கும் மிதியும், துணைவிசை ஏதுமற்ற பிரேக்கும் உள்ள வண்டியில் 100 பவுண்டு அழுத்தம் பிறக்க வேண்டுமானால், மிதியின்மேல் ஏறத்தாழ 13 பவுண்டு, அதாவது ஆறு கிலோ பாரத்தைக் கால் செலுத்தியாக வேண்டும். டிஸ்க் பிரேக் போட்ட உற்சாகத்தில் சிலிண்டரையும் ஒரு அங்குலத்துக்கு மேல் பெரிதாக்கிக்கொண்டவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். சிலிண்டர் பருக்கப் பருக்க, அதே கால்விசைக்குக் கிடைக்கும் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். மலைப்பாதையில் தாழ்ந்த கியரில் இறங்கிக்கொண்டு, காலை மிதியில் லேசாக வைத்து வைத்து எடுக்கிறவனே நல்ல ஓட்டுநர். அந்த நல்ல ஓட்டுநருக்கு விளக்கு எரியாது. கடைசி நிமிஷத்தில் முரட்டுத்தனமாக மிதிக்கிறவனுக்கு மட்டும் பிரகாசமாக எரியும்! பட்டறையில் நிறுத்திவைத்து ஓங்கி மிதித்துக் காட்டும் பரீட்சைக்கு இதற்குமேல் என்ன மதிப்பு மிச்சமிருக்கிறது?

1983-ல் வெளிவந்த மாருதி 800 காரை எண்ணிப் பாருங்கள். சிக்கனமே உருவெடுத்தாற்போன்ற அந்தச் சின்னஞ்சிறு காரில், பிரேக் மிதிக்குப் பக்கத்திலேயே ஒரு தகட்டில் சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்கிறது. மிதி தன் இடத்தைவிட்டு அசைந்த மாத்திரத்தில், அழுத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிராமல், விளக்கு எரிகிறது. லட்சக்கணக்கில் செலவழித்த என் நண்பரின் ஜீப்பிடம் இல்லாத விவேகம் அந்த மாருதியிடம் இருந்தது. இன்றும் எவனாவது ஒருவன் பழைய 800 ஒன்றை ஓட்டிக்கொண்டு அதே மலையில் இறங்குவானாயின், அவன் மிதியைத் தொட்டதுமே பின்னால் வருகிற எனக்குத் தெரிந்துவிடும்.

விளக்கு தாமதிப்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சவ்வு கிழிந்தால் என்ன ஆகும்? சுவிட்சின் மின்முனை வழியாகவே பிரேக் ஆயில் கசியும். பழைய ஜீப்பைப்போல் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் பாதை உள்ள வண்டியில், ஒரு சுவிட்சின் கசிவு நாளடைவில் பிரேக் முழுவதையுமே அபகரித்துவிடக்கூடும். இரட்டைப் பாதை அமைத்துக்கொண்டவர்களும் நிம்மதி கொள்வதற்கில்லை. சுவிட்ச் எந்தப் பாதையில் இருக்கிறதோ அந்தப் பாதையே பழுதானால், மிச்சமுள்ள பாதி பிரேக்கோடு ஓட்டுநர் தத்தளிக்கும் அந்தச் சமயத்தில் விளக்கும் அணைந்தே கிடக்கும். மிதியருகே உள்ள சுவிட்சோ, குழாயில் ஒரு சொட்டு ஆயில் இல்லாவிட்டாலும் தன் கடமையைச் செய்யும். மாருதி 800-க்குத் தெரிந்த இந்த நியாயம் நம் பட்டறைகளுக்குத் தெரியவில்லை.

"ஒரிஜினல் ஜீப்பில் அதுதானே இருந்தது?" என்று கேட்பார்கள். இருந்தது, மறுக்கவில்லை. 1941-ல் யுத்தத்துக்காக உருவான வில்லிஸ் ஜீப், பகைவன் கண்ணில் படாதிருக்க வேண்டிய வண்டி. அதற்கென்று இருட்டடிப்பு விளக்குகளே தனியாகப் பொருத்தினார்கள். அவ்வண்டியின் என்ஜினையும் பிரேக்கையும் டயரையும் கூச்சமின்றிக் கழற்றி எறிந்தவர்களுக்கு, சுவிட்ச் ஒன்றில் மட்டும் ஏன் இத்தனை பக்தி?

இதே அலட்சியந்தான் வேறு உருவங்களிலும் சாலையில் அலைகிறது. எதிரே வருபவனைக் குருடாக்கும் வெள்ளை விளக்குகளை முன்னால் வரிசையாகக் கட்டிக்கொள்கிறவர்களே, பின்விளக்குகளின்மேல் அழகுக்காகக் கறுப்புத்தாளை ஒட்டி, இருக்கிற சிவப்பையும் மங்கச் செய்கிறார்கள். பதிவுச் சான்றில் கண்டபடியன்றி வாகனத்தை மாற்றக்கூடாதென்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதை நினைவூட்டினால், அதிகாரிகளின் தொல்லையைப் பற்றிப் பொரிந்து தள்ளுகிறார்கள். தம் வாகனத்தைத் தாமே எதிரிலும் பின்னாலும் நின்று ஒருமுறையேனும் பார்த்தவர்களுக்கல்லவா அந்தக் கோபத்துக்கு யோக்கியதை உண்டு?

செய்ய வேண்டியது கடினமானதன்று. புழக்கத்தில் உள்ள எந்தக் காரினுடையதாயினும், எளிதில் மாற்று கிடைக்கக்கூடிய மிதி சுவிட்ச் ஒன்றை வாங்குங்கள். ஆடாத கனமான தகட்டில், இருபுறமும் நட்டு வைத்து இறுக்குங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்பே விளக்கு எரியும்படியும், காலை எடுத்ததும் அணையும்படியும் அதன் தூரத்தைச் சரிசெய்யுங்கள். மிதியைத் தடுத்து நிறுத்தும் வேலையைச் சுவிட்சின் தலையில் கட்டாதீர்கள். 21 வாட் பல்பு இரண்டு எரிந்தாலே 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் பாயும். பல்புகளைப் பெருக்கிக்கொண்டவர்கள் அப்பாரத்தை ரிலேயின்மேல் ஏற்றினால் சுவிட்சின் முனைகள் கருகாமல் நெடுநாள் உழைக்கும். பிறகு ஒரு மனிதரைப் பின்னால் நிறுத்தி, விரல் நுனியால் மிதியை அழுத்திப் பாருங்கள். ஓங்கி மிதித்துப் பார்க்க வேண்டாம். வண்டி கட்டக் கொடுத்திருக்கும் அன்பர்களே, இன்றே பட்டறைக்குச் சென்று, வர்ணம் அடிப்பதற்கு முன்பாக அந்தத் தகட்டை வெல்டு வைக்கச் சொல்லுங்கள். வர்ணம் அடித்தபின் எந்தப் பட்டறைக்காரரும் அதற்கு இசையமாட்டார்.