நடுவழியில் நின்ற மொறிஸ் மைனர்

கடுகண்ணாவை ஏற்றத்தில், மழை வேளையில், பழைய மோட்டார் வண்டியொன்று நின்றுவிட்டதென வைத்துக்கொள்வோம். பின்னிருக்கையிற் பிள்ளைகளும் பாட்டியாரும் இருக்கின்றனர். கூடிநிற்போருள் ஒருவர் கொயிலைக் குறை கூறுவார்; ஒருவர் பிளக் என்பார்; மற்றொருவர் பற்றரியை மாற்றச் சொல்வார். யாவற்றையும் மாற்றியபின் வண்டி ஓடினாலும், பழுதுற்றது யாதென எவர்க்கும் விளங்காது. கைப்பணம் கரைந்ததே மிச்சம்.

1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்து, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி முடிவுற்ற மொறிஸ் மைனர் வண்டிகளைக் கண்டி வீதிகளில் இன்றும் காண்கிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டியைப் பேணுதல் பல குடும்பங்களுக்குப் பொழுதுபோக்கன்று, தேவையே ஆயிற்று.

புகையைக் கண்டு நெருப்பை உணர்வதை அனுமானம் என்பர் தர்க்க நூலார். இங்கு வேண்டப்படுவதும் அதுவே. மின்சாரம் பற்றரியிற் புறப்பட்டு, சாவி, கொயில், டிஸ்ரிபியூட்டர், பிளக் என்னும் வரிசையிற் செல்கின்றது. நாமும் அவ்வரிசையிலேயே தேடிச் செல்லல் வேண்டும்.

முதலிற் கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைக்க. பின்னர் முன்விளக்கை எரியவிட்டு ஸ்ராட்டரை இயக்குக. விளக்கு மிக மங்கி, எஞ்சின் சோம்பிச் சுழன்றால், பற்றரி வலுவிழந்திருக்கும். அன்றேல் அதன் முனைகளிற் படிந்த உப்பு மின்சாரத்தை மறிக்கும். முனைகளைச் சுரண்டித் துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் புறப்பட்டுவிடும்.

எஞ்சின் விரைந்து சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையாயின், சாவியைத் திருப்பிச் செவிகொடுத்துக் கேட்க. இவ்வண்டியின் பெற்றோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. 'டிக், டிக்' என ஒலித்துப் பின் அடங்கும். பம்பும் ஒலிக்காமல், சிவப்பு விளக்கும் எரியாதிருப்பின், குற்றம் பெரும்பாலும் சாவியிலோ அதற்கு முன்னுள்ள கம்பியிலோ இருக்கும். விளக்கு எரிந்தும், கார்புரேற்றரிற் பெற்றோல் வற்றியிருக்கப் பம்பு மௌனம் சாதித்தால், பிளக்கைக் கழற்றுவது வீண், பம்பையே நோக்குக.

இவை நலமாயின் கொயிலுக்குச் செல்வோம். 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்தூண்டலே இதன் அடிப்படை. டிஸ்ரிபியூட்டரில் 'பொயின்ற்' எனப்படும் தொடுமுனைகள் மூடியிருக்கையில், கொயிலிற் காந்தப்புலம் எழும். அவை திறக்கும் கணத்தில் அப்புலம் குலைந்து, 12 வோல்ற்று பல ஆயிரமாகப் பெருகிப் பிளக்கிற் பொறியாகப் பாயும். அத்தொடுமுனைகளின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. பிளக்கின் இடைவெளி 25 பங்கு.

கொயிலிலிருந்து வரும் நடுக்கம்பியை டிஸ்ரிபியூட்டர் மூடியிற் கழற்றி, ரப்பர் பிடியுள்ள குறட்டாற் பற்றி, எஞ்சின் உலோகத்துக்குக் கால் அங்குலம் எட்டப் பிடிக்க, மற்றொருவர் ஸ்ராட்டரை இயக்குக. பெற்றோல் மணக்குமிடத்தில் இதனைச் செய்யலாகாது. நீலப் பொறி பாய்ந்தாற் கொயில் நலமே. மூடி, ரோட்டர், கம்பிகள் என்பவற்றை ஆராய்க. மலைநாட்டு மழையில் மூடியினுள் ஈரம் படிதல் வழக்கம். உலர்ந்த துணியொன்றே அதற்கு மருந்து.

பொறி இல்லையேல், சிறிய 12 வோல்ற்று பல்பொன்றின் ஒரு கம்பியைக் கொயிலின் டிஸ்ரிபியூட்டர் பக்க முனையிலும், மற்றையதை எஞ்சினிலும் தொடுக்க. தொடுமுனைகள் திறக்கையில் அது எரிந்து, மூடுகையில் அணைய வேண்டும். எப்பொழுதும் எரிந்தால் தொடுமுனைகள் அழுக்கேறியிருக்கும், அன்றேல் சரிவரப் பொருந்தவில்லை.

புதிய பற்றரி பூட்டுவோர் ஒன்றை மறத்தலாகாது. இக்கால வண்டிகளில் எதிர்முனையே உடலோடு இணைந்திருக்கும். மொறிஸ் மைனரிலோ நேர்முனை. பின்னாளில் மாற்றியமைக்கப்பட்டவையும் உள ஆதலின், பழைய பற்றரியைக் கழற்றுமுன் பார்த்துக்கொள்க.

மாணவர்களே, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, உடனே சோதித்தல் விஞ்ஞானக் கூடத்து விதி. நமது ஊர்க் கராஜ்களில் இவ்விதியைக் கையாற் கற்ற முதிய பாஸ்மார் உளர். புதிய கொயில் வாங்கச் சொல்லுமுன் அவர்கள் பல்பையே கையிலெடுப்பர். விடுமுறை நாளில் அவர்கள் அருகே நின்று பாருங்கள்.