வண்டியைத் தூக்கலாம், அச்சைத் தூக்க முடியாதுங்க

தார், ஜிம்னி மாதிரி வண்டி வாங்கின கையோட நகரத்து நண்பர்கள் நிறையப் பேர் ரெண்டு வேலை செய்யறாங்க. ஒண்ணு, கம்பெனி கொடுத்த டயரைக் கழட்டிட்டுப் பெரிய டயர் மாட்டறது. இன்னொண்ணு, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாத்தி வண்டியை ரெண்டு மூணு அங்குலம் உயர்த்தறது. எதுக்குன்னு கேட்டா, "உங்க ஊர்ப் பாதையில போறதுக்குத்தான்" என்கிறார்கள். அந்த ஊர்ப் பாதையிலேயே தினம் போய் வர்றவன் என்ற முறையில் எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு. பெரும்பாலான பேருக்கு இது தேவையில்லாத செலவு. எங்க பாதைக்கு அது நல்லதும் இல்லை.

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். 2020-ல வந்த தாரில் 16 இஞ்ச் ரிம்முக்கு 245/75 டயர். அதோட மொத்த உயரம் சுமார் 774 மில்லிமீட்டர். அதை எடுத்துட்டு 33 இஞ்ச் டயர் போட்டா 838 மில்லிமீட்டர். வித்தியாசம் 64. ஆனா அச்சு சக்கரத்தோட நடுவுல இருக்கறதால, அது உயர்றது இதுல பாதிதான், 32 மில்லிமீட்டர். ரெண்டு விரக்கடை கூட முழுசா வராது.

சரி, லிஃப்ட் போட்டா? அங்கதான் பலருக்கும் தெரியாத சங்கதி இருக்கு. தாரோட பின்னச்சு ஒரே குழலா, ரெண்டு சக்கரத்தையும் சேர்த்து இருக்கறது. நடுவுல உருண்டையா ஒண்ணு தொங்கும், அதுதான் டிஃபரன்ஷியல். ஸ்பிரிங்கை உயர்த்தினா அதுக்கு மேல இருக்கிற பாடிதான் உயரும். அச்சும் அந்த உருண்டையும் இருந்த இடத்துலயேதான் இருக்கும். பள்ளத்துல கல்லு வந்து முட்டறது பெரும்பாலும் அந்த உருண்டையிலதான். வண்டியோட வயிறு மேட்டுல தட்டாம இருக்கவும், பெரிய டயர் மட்கார்டுல உரசாம இருக்கவும் லிஃப்ட் உதவும். அது உண்மை. ஆனா மொத்த வண்டியும் உயர்ந்துடுச்சுன்னு நினைக்கறது சரியில்லை.

வாங்கும்போதே அந்தத் தாருக்கு அடியில 226 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு சாண். 650 மில்லிமீட்டர் தண்ணியில இறங்கலாம்னு கம்பெனியே சொல்லுது. நின்னு பார்த்தா முழங்காலுக்கு மேல. எங்க ஊர்ல அவ்வளவு தண்ணி பள்ளத்துல போற அன்னிக்கு, தண்ணி தெரிஞ்ச எவனும் வண்டியை இறக்க மாட்டான்.

பெரிய சக்கரம் புது விஷயம் இல்லைங்க. எங்க தாத்தா காலத்துக் கட்டை வண்டிச் சக்கரம் ஆள் நெஞ்சு உசரம் இருக்கும். குழி குண்டுல இறங்காம ஏறிப் போறதுக்குத்தான் அவ்வளவு பெருசு. டிராக்டர் பின்சக்கரமும் அப்படித்தான். ஆனா மாட்டு வண்டி நடக்கிற வேகத்துல போகும். டிராக்டர் மிஞ்சிப் போனா மணிக்கு முப்பது கிலோமீட்டர். நீங்க அதே யோசனையை மாட்டிக்கிட்டு அவிநாசி பைபாஸ்ல நூறுல போறீங்க. வண்டி உயர்ந்தா பாரமும் உயர்ந்துடும். திடீர்னு ஒரு நாய் குறுக்க வந்து ஸ்டீயரிங்கை ஒடிச்சா, அப்ப சாயற சாய்வு வேற. கனமான டயரைப் பிடிச்சு நிறுத்த பிரேக்குக்கு வேலை அதிகம். டயர் சுத்தளவு எட்டு சதவீதம் கூடினதால மீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-ல போகும். இழுவை குறையும். முன்பக்கம் டிரைவ் ஷாஃப்ட் சாய்வா நிக்கறதால ஜாயின்ட்டு ரப்பர் சீக்கிரம் கிழியும். ஹெட்லைட்டும் மேல ஏறிடும். அதை மறுபடி இறக்கி வைக்காம விட்டா, ராத்திரி பால் கேனோட எதிர்ல வர்ற எக்ஸ்எல் காரருக்குக் கண்ணே தெரியாது. இது எங்க பக்கம் தினமும் நடக்குது.

சட்டமும் உங்க பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை வெச்சு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு, பதிவுச் சான்றுல இருக்கிற தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறையும் உண்டு. இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லாம மாத்தியிருந்தா, விபத்தப்ப பணம் வர்றதும் சந்தேகம்தான்.

இனி எங்க பக்கத்து நியாயம். கொங்குநாட்டுல இட்டேரின்னு சொல்லுவோம். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல ஒரு வண்டி போற அகலத்துக்கு மண் பாதை. காட்டுக்குப் போறது, ஆடு ஓட்டறது, பிள்ளைங்க சைக்கிள்ல பள்ளிக்கூடம் போறது எல்லாம் அதுலதான். ஐப்பசி மழை பேஞ்சு மண்ணு ஊறிக் கிடக்கும்போது பெரிய டயர் வண்டிக ரெண்டு மூணு வரும். ஒண்ணு சிக்கிக்கும். டயர் நின்ன இடத்துலயே சுத்தும், சேறு பறக்கும், வீடியோ எடுப்பாங்க. சாயந்திரம் அவங்க போயிடுவாங்க. டயர் தோண்டின முழங்கால் ஆழத் தடம் வெயில்ல காஞ்சு கல்லாயிடும். உழவு காட்டுல விழுந்த தடத்தைக் கலப்பை அழிச்சுடும். இட்டேரியை யாரும் உழறதில்லையே. யாராவது டிராக்டர் பிளேடு கொண்டு வந்து இழுக்கற வரைக்கும் சைக்கிளும் எக்ஸ்எல்லும் அதுல விழுந்து எந்திரிச்சுத்தான் போகணும். குளத்துக் கரை மேல இந்தத் தடம் விழுந்தா இன்னும் மோசம். அடுத்த மழைத் தண்ணி அந்த வழியா ஓடி ஓடிக் கரையை அரிச்சுடும்.

சேத்துல வண்டியைக் காப்பாத்தறது உயரம் இல்லைங்க, பிடிமானம். அதனாலதான் சேத்து வயலுக்கு டிராக்டரை உசத்தாம கேஜ் வீல் மாட்டறாங்க. உங்க வண்டிக்குக் கம்பெனி சைஸ்லயே நல்ல பட்டன் இருக்கிற ஆல் டெரெய்ன் டயர் போதும். மண் பாதையில இறங்கும் முன்னாடி காத்தை 18, 20-க்குக் குறைங்க. டயர் பரந்து மண்ணைப் பிடிக்கும். ரொம்பக் குறைச்சா ரிம்மை விட்டுக் கழண்டுக்கும், ஜாக்கிரதை. தார் ரோட்டுல ஏறும் முன்னாடி திரும்ப அடிச்சுக்குங்க. இதுக்கு வேண்டியது ஒரு கேஜும் சின்ன கம்ப்ரஸரும். லட்சத்தைத் தாண்டற லிஃப்ட்டும் டயரும் செய்யறதுல பாதிக்கு மேல இதுவே செஞ்சுடும்.

சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலை ஏறுற ஜீப் டிரைவர்களைப் போய்ப் பாருங்க. தினமும் கல்லுலயே ஓட்டறாங்க. அவங்க நம்பறது லோ கியரையும் கல்லு எங்க இருக்குன்னு மனசுல இருக்கிற படத்தையும்தான். உங்களுக்கும் அது கிடைக்கும். வண்டியை விட்டு இறங்கி ஒரு தடவை நடந்து பார்த்தா போதும்.

மலைமேல குடியிருந்து, வேற வழியே இல்லாம, முறைப்படி அனுமதி வாங்கி வண்டியை மாத்தறவங்களை நான் குறை சொல்லலை. சனி ஞாயிறு வர்றவங்ககிட்டத்தான் கேட்கிறேன். சக்கரம் நின்ன இடத்துல சுத்த ஆரம்பிச்சதும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. தோட்டத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உள்ளே வாங்க. மழை பேஞ்சா மண்ணு இறுகற வரைக்கும், ஒரு நாலு நாள், இட்டேரியையும் குளத்துக் கரையையும் விட்டுடுங்க. அப்புறம் தாராளமா வாங்க, இளநி வெட்டிப் போடறேன்.