புற்று நோய்க்குப் புற்று மண்ணா?

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் காலில் ஒரு ரணம் மாதக்கணக்கில் ஆறாமலிருந்தால், பாமர மக்களில் பலர் முதலில் நினைப்பது சங்கரன்கோவில் புற்று மண்ணைத்தான். மண்ணைப் பிரசாதமென்று வாங்கி வந்து குழைத்துப் பூசுகிறார்கள். பிறகு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்தி, அதன் பிறகு பச்சிலை. இவ்வளவும் தோற்று, ரணம் பூப்போல வெடித்து நாற்றமெடுத்த பின்புதான் பெரியாஸ்பத்திரி ஞாபகத்துக்கு வருகிறது. வியாதிக்கும் பாம்புக் குடிக்கும் ஒரே பெயர் இருந்துவிட்டதால், ஒன்றுக்கு மற்றொன்று மருந்தாகிவிடுமா என்று நாம் கேட்கிறோம்.

தோல் புற்று வெள்ளைத் தோல்காரருக்கு வெயிலினால் அதிகமாய் வருகிற வியாதி. கறுத்த தோலுடைய நமக்கு அது குறைவென்பது வாஸ்தவமே. ஆனால் நமக்கு வருகிற வழி வேறு. அடுப்பிலோ கொதிக்கும் எண்ணெயிலோ பட்டாசுத் தொழிலிலோ எப்போதோ வெந்துபோன வடுவிலும், வருஷக்கணக்காக ஆறாத கால் புண்ணிலும் அது கிளம்புகிறது. இதற்கு ‘மர்ஜோலின் ரணம்’ என்று பெயர். வெந்ததற்கும் புற்று கிளம்புவதற்கும் நடுவில் இருபது முப்பது வருஷங்கூட ஆகலாமாதலால், பழைய வடுவில் புதுப் புண் வந்தால் யாரும் சந்தேகிப்பதில்லை. சாதாரணத் தோல் புற்றைவிட இது பரவக்கூடியது என்பதுதான் ஆபத்து. பம்பாயில் டாக்டர்கள் கானோல்கரும் சூர்யாபாயும் 1945ல் எழுதிய ஒரு கட்டுரையில், வேட்டியை ஒரே இடத்தில் வருஷக்கணக்காய் இறுக்கிக் கட்டி இடுப்புத் தோலில் புற்று வந்தவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். தலைவிதியை இடுப்பில் எழுதுவதாக எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

இதற்கு வைத்தியமென்ன? முதலில் சதையில் துளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். புற்றென்று தெரிந்தால் ரண சிகிச்சைதான் முதன்மை. கட்டியோடு சுற்றிலுமுள்ள நல்ல சதையையும் சேர்த்து வெட்டியெடுத்து, அந்தக் குழிக்கு வேறிடத்துத் தோலை ஒட்டுவார்கள். சிறிய புற்றாயின் இதோடு தீர்ந்துவிடுவதுமுண்டு. ஆனால் வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமிருந்தாலோ, நரம்பைப் பிடித்துக்கொண்டு ஓடியிருந்தாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டி அதிலும் புற்று ஏறியிருந்தாலோ கத்தி மாத்திரம் போதாது. கண்ணுக்குப் படாமல் தங்கியிருப்பதைக் கொல்லக் கதிர் வைத்தியம் வேண்டும். அது வாரத்திற்கு ஐந்து நாளாக ஐந்தாறு வாரம் நடக்கும். உடம்பின் காவல் சக்தியையே புற்றின்மீது ஏவிவிடுகிற மருந்துகளும் இப்போது வந்திருக்கின்றன. அவற்றுக்கு வழி கண்ட அல்லிசனுக்கும் ஹொஞ்சோவுக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைத்தது. கத்தி வைப்பதற்கு முன்பே செமிப்ளிமாப் என்ற அப்படிப்பட்ட மருந்தைத் தோல் புற்றுக்காரர் 79 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், 40 பேருடைய வெட்டியெடுத்த சதையில் புற்றே காணப்படவில்லை என்று 2022ல் வெளியிட்டார்கள். விலைதான் ஏழைக் குடியானவனுக்கு எட்டாத விலை.

நம் ஜனங்களும் கூட்டு வைத்தியம் செய்யாமலில்லை. ஆனால் அவர்களுடைய கூட்டு, கத்தியும் காணிக்கையும்! வெட்டிய இடம் ஆறினதும், கதிருக்கு வரும்படி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மஞ்சள் பையில் போட்டுவிட்டுப் பழனிக்கு மொட்டையடிக்கப் போய்விடுகிறார்கள். பிழைத்தால் முருகன் காப்பாற்றினான். ஒரு வருஷத்தில் தொடையில் கட்டி கிளம்பினால் டாக்டர் கெடுத்தான்! ‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்ற புரளிக்கு இதுவே உரம். பாதி வைத்தியத்தோடு ஓடி வந்தவனுடைய சாவை முழு வைத்தியத்தின் தலையில் கட்டுகிறார்கள்.

இதில் வேறொன்றையும் கவனிக்கவேண்டும். கட்டியைக் கீறிச் சீழெடுத்த நாவிதத் தோழருக்கு நம் நாட்டில் மருத்துவர் என்றே பெயர். ஆனாலும் அவர் கீழ்ஜாதி. இரத்தத்தைத் தொட்டால் தீட்டென்று எட்ட நின்று மந்திரம் சொன்னவர் மேல்ஜாதி. இன்றைய புற்று வைத்தியத்திலோ, கத்தி பிடிப்பவர், கதிர் வைப்பவர், மருந்து கொடுப்பவர், வெட்டிய சதையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பவர் ஆகிய நால்வரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்யவேண்டும். இந்த நால்வருக்குள் வருணம் கிடையாது.

நிற்க, குடியானவனை மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை. மதுரைப் பாலரெங்காபுரத்தில் அரசாங்கப் புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ரண சிகிச்சைக்கும் கதிருக்கும் இடமிருக்கிறது. ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு கூலிக்காரன் ஆறு வாரம் கூலியை விட்டுத் துணைக்கு ஓர் ஆளோடு எங்கே தங்குவான்? சாமி கும்பிட வருகிறவர்களுக்கு இந்த ஊரில் சத்திரத்துக்கும் விடுதிக்கும் பஞ்சமில்லை. ராணி மங்கம்மாள் சத்திரம் ரயிலடிக்கு எதிரிலேயே நிற்கிறது. தன் தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்காகக் கோயில் கட்டவில்லை. 1954ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்று நோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மதுரையில் நாம் கேட்பது அவ்வளவுகூட இல்லை. கோயில் விடுதிகளில் சில அறைகளைக் கதிர் வைத்தியம் முடிகிற வரையில் நோயாளிக்கும் துணைக்கு வந்தவருக்கும் இலவசமாய் ஒதுக்கும்படி அறநிலையத் துறையாரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.