ஹார்ட் டிஸ்க் வேண்டாம், ஆள் வேண்டும்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளை அலுவலகங்களும் கல்லூரிகளும் ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டி, பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகின்றன. அவற்றில் நல்ல நிலையில் இருப்பவற்றைக் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தர வேண்டும். தருவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

இந்த வட்டாரக் கல்லூரி ஒன்றில் கணினி லேபைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். கரிசல் பூமியில் கணினிக்கு எமன் இரண்டு: ஆடிக் காற்றில் பறக்கும் புழுதி, சொல்லாமல் போகும் கரண்டு. 2012இன் மின்வெட்டுக் காலத்தில், வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய், கோப்பு அமைப்பு சிதைந்து, மறுநாள் காலையில் எழுந்திருக்க மறுக்கும் இயந்திரங்களோடு போராடியதுதான் எங்கள் வேலையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் வாங்கப் பணமில்லை. வாங்கியவற்றில் பேட்டரி நிற்கவில்லை.

வட்டில்லா முறையில் இந்தத் தொல்லை பெருமளவு தீர்கிறது. கணினியை ஆன் செய்ததும் அதன் நெட்வொர்க் கார்டு சர்வரிடம் முகவரி கேட்கும். சர்வர் முகவரியையும், தொடங்க வேண்டிய கோப்பின் பெயரையும் சொல்லும். லினக்ஸ் கருநிரல் கேபிள் வழியே இறங்கும். இயங்குதளத்தின் மற்ற கோப்புகளைக் கணினி சர்வரிலிருந்தே படித்துக்கொள்ளும். அவற்றை மாற்ற அதற்கு அனுமதி கிடையாது. தற்காலிக மாற்றங்கள் நினைவகத்தில் இருந்து, அணைத்ததும் போய்விடும். கரண்டு போனால் அந்தக் கணினியில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. சர்வருக்கும் சுவிட்ச்சுக்கும் மட்டும் யுபிஎஸ் இருந்தால் போதும். மாணவர் எழுதியவை சர்வரில் இருப்பதால், எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரவர் கோப்பு அவரவருக்குக் கிடைக்கும். நிரல்கள் அந்தந்தக் கணினியின் செயலியிலேயே ஓடுவதால் சர்வரும் பிரம்மாண்டமாக இருக்க வேண்டியதில்லை.

இது நேற்று வந்த யோசனை இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையைக் கொண்டுவந்தது. பின் வந்த அதன் சன் 3/50 பணிநிலையம் வட்டே இல்லாமல் யூனிக்ஸில் ஓடியது. 1999இல் அமெரிக்காவில் ஜிம் மெக்குவில்லன் தொடங்கிய எல்டிஎஸ்பி திட்டம், பழைய கணினிகளை லினக்ஸ் சர்வரோடு இணைத்து இதைப் பள்ளிகளுக்கு எளிதாக்கியது. அன்று வட்டு விலை உயர்ந்தது, அதனால் தவிர்த்தார்கள். இன்று வட்டு மலிவு. கிராமத்துப் பள்ளியில் கிடைக்காதது, கணினியைக் கவனிக்க நேரமுள்ள ஓர் ஆள். நாற்பது இயந்திரத்தைத் தனித்தனியே பழுதுபார்க்க ஆளில்லை. ஒரே சர்வரைச் சீராக வைத்திருக்க ஒருவர் போதும்.

அந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். சர்வர் ஊருணி மாதிரி. அது கெட்டால் எல்லார் வீட்டுக் குடமும் காலி. இரட்டை வட்டுகளில் ஒரே தகவலைப் பதிய வேண்டும். மாணவர் கோப்புகளை வாரம் ஒருமுறை நகலெடுத்து வேறு அறையில் வைக்க வேண்டும். புதிய பதிப்பை முதலில் ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குத் தர வேண்டும். பழைய பதிப்பை அழிக்கக் கூடாது. மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்தால், நெட்வொர்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையே சில கணினிகள் மறந்துவிடும். யாராவது வீட்டு பிராட்பேண்ட் ரவுட்டரைக் கொண்டுவந்து லேப் சுவிட்ச்சில் சொருகினால், அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கி வகுப்பே நின்றுவிடும். எதுவும் பெரிய வித்தை இல்லை. ஆனால் பொறுப்பானவர் பக்கத்தில் இல்லாவிட்டால், சின்னப் பழுதுக்காக லேப் மாதக்கணக்கில் பூட்டியே கிடக்கும்.

கேரளப் பள்ளிகள் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் நிலைத்து நின்றதற்கு, பள்ளிதோறும் தகவல் தொழில்நுட்பத்துக்கென ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருப்பது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நம்மிடமும் திறமை இருக்கிறது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸைத் தமிழக அரசு நம் மாணவர்களின் இலவச மடிக்கணினிகளிலும் பதித்துத் தந்தது. ஆனால் என்னிடம் அந்த மடிக்கணினியைக் கொண்டுவந்த பிள்ளைகளுக்கு, அதை எப்படித் திறப்பது என்றே யாரும் காட்டியிருக்கவில்லை.

ஆகவே, நாலைந்து பள்ளிகளுக்கு ஒருவர் என்று நிரந்தரச் சம்பளத்தில் ஆள் நியமியுங்கள். கணினி படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறும் நம் ஊர்ப் பிள்ளைகளில் சிலருக்கு இங்கேயே மரியாதையான வேலை கிடைக்கும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களின் குழந்தைகளும், மானாவாரிச் சம்சாரி வீட்டுக் குழந்தைகளும் வீட்டில் கணினி பார்க்க வழியில்லாதவர்கள். அவர்களுக்குப் பள்ளியில் இருப்பதாவது ஒவ்வொரு நாளும் ஓட வேண்டும். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் கணினி வாங்கும் வரிக்கு மேலே, அதைப் பராமரிப்பவரின் சம்பளத்தை எழுதுங்கள்.